கணினிக் கேள்வி பதில்: எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லாதீர்கள்

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிலேயே ஓர் இணையத்தளம் ஓடவிட்டிருக்கிறான். உபுண்டு, அப்பாச்சி என்று ஏதோ மென்பொருள் பெயர்கள் சொல்கிறான். டொமேன் என்ற தளப் பெயரைக் காசு கொடுத்து வாங்கினோம். இது உண்மையான தளம்தான் என்று பிரௌசருக்குக் காட்டும் சான்றிதழையும் யூடியூப் பார்த்து அவனே தயாரித்தான். ஆனாலும் யார் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்ற சிவப்பு எச்சரிக்கைதான். 'அட்வான்ஸ்ட்' அழுத்தி உள்ளே போங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். பாதிப் பேர் போவதில்லை. ஈப்போவிலிருக்கும் நாத்தனாரே பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள், சகோதரி. உங்கள் நாத்தனார் செய்ததுதான் சரி. இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அழைக்க 2022இல் 997 என்று தனி எண்ணே வைக்க வேண்டி வந்த நாடு நம் மலேசியா. எச்சரிக்கை வந்தால் மேலே போகாதே என்று பெரியவர்களுக்கு இப்போதுதான் பிள்ளைகள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முறுக்கு வாங்குவதற்காக அதைத் தாண்டிப் பழகிய விரல், நாளை போலி வங்கிப் பக்கத்திலும் தாண்டும். சரிசெய்ய வேண்டியது உங்கள் பக்கத்தில். வாடிக்கையாளர் எதையும் அழுத்தத் தேவையில்லை.

சிவப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை, ஆனால் நோய் என்ன என்று சொல்வது அதுதான். அதில் 'டேட் இன்வேலிட்' என்றிருந்தால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், அல்லது பார்ப்பவரின் கைப்பேசியில் தேதி தப்பாக இருக்கும். 'காமன் நேம் இன்வேலிட்' என்றால் வேறு பெயருக்கு வாங்கிய சான்றிதழ். உங்களுடையதில் 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றுதான் இருக்கும். தம்பி, அதாவது உங்கள் மகன், சான்றிதழைத் தானே தயாரித்தது தன் நன்னடத்தைக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி. பிரௌசர் தனக்குத் தெரிந்த நிறுவனங்களின் கையெழுத்தை மட்டுமே நம்பும்.

அந்தக் கையெழுத்து இலவசமாகவே கிடைக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற சேவை 2015 முதல் ஒரு காசு வாங்காமல் சான்றிதழ் தருகிறது. அதை வாங்கிப் பொருத்தும் செர்ட்பாட் என்ற நிரலைத் தம்பி தன் மடிக்கணினியில் நிறுவட்டும். முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை விட்டால் அந்தப் பெயரில் வருபவருக்குத் திரும்பவும் சிவப்புதான். டொமேன் உங்களுடையதுதானா என்று அந்தச் சேவை வெளியிலிருந்து வந்து பார்க்கும். அதற்கு ரூட்டரில் 80ஆம் போர்ட் (வெளித் தொடர்பு நுழையும் வாசல்) திறந்திருக்க வேண்டும்; வாடிக்கையாளர்கள் வந்துபோக 443ஆம் போர்ட்டும் வேண்டும். பழைய எச்டிடிபி முகவரியில் வருபவரைத் தானாகவே பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடும் வசதியும் செர்ட்பாட்டில் உண்டு.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். இந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். ஏறக்குறைய 30 நாள் மிச்சமிருக்கும்போது செர்ட்பாட் தானே புதுப்பித்துவிடும், ஆனால் கணினி விழித்திருந்தால்தான். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும். மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றி வையுங்கள். காலாவதியாகப்போகிறது என்று முன்பெல்லாம் மின்னஞ்சல் வரும். 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதுப்பித்தல் வேலை செய்கிறதா என்று ஒத்திகை பார்க்கும் 'ட்ரை ரன்' கட்டளையை இப்போதே ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆர்டர் குவியும்போது சான்றிதழ் செத்துப்போனால் அந்த நஷ்டத்தை யார் தருவார்கள்?

சிவப்பு போன பிறகும் சில பலகாரப் படங்கள் மட்டும் தெரியாமல் போகலாம். பக்கத்துக்குள் படங்களின் முகவரி இன்னும் எச்டிடிபி என்றே தொடங்கி, அவை இருக்கும் இடத்தில் எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் அப்படி ஆகும். படங்களை உங்கள் தளத்திலேயே வைத்து, முகவரியில் ஓர் 'எஸ்' சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டு இணைப்புகள் சிலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். உங்களுடையதும் அப்படியிருந்தால், ரூட்டரில் போர்ட் திறந்தும் வெளியார் உள்ளே வர முடியாது. அப்போது வீட்டுக் கணினியோடு மல்லுக்கட்டாமல் தளங்களைத் தன் கணினிகளில் வைத்து நடத்தித் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்குத் தளத்தை மாற்றிவிடுங்கள். இலவசச் சான்றிதழும் தானாகப் புதுப்பித்தலும் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அதற்குத் தனியாக வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் வேறு இடம் பாருங்கள்.