விளக்கு வைத்த பூதக்கண்ணாடி: வாசகர் கேள்விகள்

கைப்பிடிக்குள் பேட்டரியும் லென்ஸ் ஓரத்தில் எல்இடியும் உள்ள பூதக்கண்ணாடி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். பாதிக் கடிதங்களில் உள்ள குறை ஒன்றேதான். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கிவிட்டு, எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

என் மாமியாருக்கு 78 வயது. நாளிதழ் படிக்க, ஆன்லைனில் '30 எக்ஸ்' என்று போட்டிருந்த பெரிய பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் இருந்த பழைய 3 எக்ஸ் கண்ணாடி அளவுக்குக்கூட எழுத்து பெருக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?
(வாசகி, கும்பகோணம்)

ஆமாம், அந்த எண் பொய். உள்ளங்கை அகல லென்ஸில் 30 எக்ஸ், அதாவது 30 மடங்குப் பெருக்கம், வரவே வராது. பெருக்கம் கூடக் கூட லென்ஸ் புடைத்துக்கொண்டே போகும். 10 எக்ஸ் லென்ஸின் குவியத்தூரம் (தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் குவிக்கும் தூரம்) 2.5 செ.மீ. இருபுறமும் ஒரே அளவு புடைத்த சாதாரண லென்ஸில் அதற்கு வளைவின் ஆரமும் கிட்டத்தட்ட 2.5 செ.மீ. இருக்க வேண்டும். முழுக் கோலிகுண்டாகவே செய்தாலும் அகலம் 5 செ.மீ.யைத் தாண்டாது. இதே கணக்கில் 30 எக்ஸ் லென்ஸ் ஓர் அருநெல்லிக்காய் அளவுதான் இருக்க முடியும். 9, 10 செ.மீ. அகலமுள்ள லென்ஸ் என்ன எண் போட்டு வந்தாலும் உண்மையில் 2 அல்லது 2.5 எக்ஸ்தான் தரும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே லென்ஸைப் பிடியுங்கள். முன்னும் பின்னும் நகர்த்தினால், வெளியே உள்ள மரமோ எதிர்வீட்டு மாடியோ ஓரிடத்தில் தலைகீழாகத் தெளிவாகச் சுவரில் விழும். அப்போது சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து, 25ஐ அந்த செ.மீ.யால் வகுத்தால் உண்மையான பெருக்கம் கிடைத்துவிடும். 10 செ.மீ. என்றால் 2.5 எக்ஸ், 5 செ.மீ. என்றால் 5 எக்ஸ். சில நிறுவனங்கள் இந்த விடையோடு ஒன்றைக் கூட்டிப் போடுவதும் வழக்கம். அது ஒரு கணக்கு முறை, ஏமாற்று இல்லை. அதனால்தான் ஒரே லென்ஸ் ஒரு பெட்டியில் 3 எக்ஸ் என்றும் இன்னொன்றில் 4 எக்ஸ் என்றும் வருகிறது. டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) எண் போட்டிருந்தால் குழப்பமே இல்லை, அதை நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.

நாளிதழுக்கு 6 முதல் 7.5 செ.மீ. அகலத்தில் 2.5 அல்லது 3 எக்ஸ் போதும். மூக்குக்கண்ணாடி சரியாக இருந்து, இதையும் வைத்துப் படிக்க முடியவில்லை என்றால் இன்னும் பெரிய எண்ணைத் தேடி அலைய வேண்டாம். கண் மருத்துவமனையில் குறைபார்வைப் பிரிவு என்று கேளுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் உண்டு. பல லென்ஸ்களைக் கையில் கொடுத்துப் படிக்க வைத்துப் பார்த்து, பொருந்துவதைச் சொல்வார்கள்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன். பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டுமா, கழற்ற வேண்டுமா? எப்படிப் பிடித்தாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் தெரிவதில்லை.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

இரண்டுக்கும் காரணம் தூரம். முதலில் லென்ஸைத் தாளின்மேல் ஒட்டி வைத்து, மெல்ல உயர்த்துங்கள். எழுத்து வளர்ந்துகொண்டே வந்து, ஓர் உயரத்தில் முழுசாகப் பெருகி, அதற்குமேல் கலங்கும். கலங்குவதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். 2.5 எக்ஸில் அது சுமார் 10 செ.மீ., 3 எக்ஸில் சுமார் 8 செ.மீ. உயரம். பலர் 3, 4 செ.மீ. உயரத்திலேயே நிறுத்திவிட்டு, லென்ஸில் பவர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சரியான உயரத்தில் லென்ஸிலிருந்து வரும் வெளிச்சம், தொலைவிலிருக்கும் பொருளிலிருந்து வருவதுபோலவே கண்ணுக்கு வந்து சேரும். ஆகவே தூரப்பார்வைக் கண்ணாடி போதும். பைஃபோகல் போட்டிருந்தால் மேல்பகுதி வழியாகப் பாருங்கள். தூரத்துக்குக் கண்ணாடியே தேவைப்படாதவர் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். தாளின்மேல் நிற்கும் காலோடு வரும் பூதக்கண்ணாடிகளுக்கு மட்டும் விதி வேறு. அவற்றில் லென்ஸ் பெரும்பாலும் குவியத்தூரத்தைவிடத் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் படிக்கும் கண்ணாடி வேண்டும்.

இரண்டு வார்த்தைதான் தெரிகிறது என்றால் முகம் லென்ஸிலிருந்து விலகி இருக்கிறது. 7.5 செ.மீ. அகலமுள்ள 2.5 எக்ஸ் லென்ஸைக் கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் தாளில் 2.5 செ.மீ. அகலம்தான் தெரியும். 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 7.5 செ.மீ. தெரியும். எழுத்தின் பெருக்கம் மாறாது, பார்வைப் பரப்பு மூன்று மடங்காகிவிடும். தாளை ஒரு சாய்வு அட்டையில் உயர்த்தி வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கழுத்து வலிக்காது, கையும் ஆடாது.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி மட்டும் விளக்குப் பூதக்கண்ணாடியிலும் தெரிவதில்லை. லைட்டைப் போட்டால் வெள்ளையாக மின்னுகிறது.
(வாசகர், திண்டுக்கல்)

அந்தத் தேதி பல அட்டைகளில் மையால் அச்சிட்டது அல்ல; ஓரத்தில் அழுத்திப் பதித்தது. பதித்த எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதன் மேட்டுக்கு நிழல் விழ வேண்டும். பூதக்கண்ணாடியின் எல்இடி மேலிருந்து நேராக அடிப்பதால் நிழலை அழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு அலுமினியத் தகடு அந்த வெளிச்சத்தை அப்படியே கண்ணுக்குத் திருப்புகிறது.

அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். அட்டையை மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சை அதே மேசையில் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒளி அட்டையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி அடியுங்கள். இப்போது லென்ஸ் வழியாகப் பார்த்தபடி அட்டையை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் எழுத்துகள் வயல் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். அதுவும் சரிவரவில்லையென்றால் மெல்லிய வெள்ளைத்தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து இலேசாகத் தேய்த்தால் தேதி தாளில் ஏறிவிடும். இதைவிட முக்கியம், மாத்திரையைத் தேதி இல்லாத முனையிலிருந்து பிய்த்து எடுக்கத் தொடங்குவது. கடைசி மாத்திரை வரை தேதி அட்டையிலேயே இருக்கும்.

வெள்ளை லைட் நல்லதா, மஞ்சள் லைட் நல்லதா?
(வாசகி, ஈரோடு)

கண்ணைப் பொறுத்தது. கண்புரை உள்ளவர்களுக்கு நீலம் தூக்கலான வெள்ளை வெளிச்சம் கூசும், எழுத்தைச் சுற்றிப் புகைபோலப் படரும். 3,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) அளவிலான மஞ்சள் வெளிச்சம் பலருக்கு இதமாக இருக்கும். விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர்களுக்கு வெளிச்சத்தின் நிறத்தைவிட அதன் அளவு முக்கியம், நிறையத் தேவைப்படும். இரண்டு மூன்று நிறம் மாற்றும் சுவிட்ச் உள்ளதை வாங்கி, படிப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால் பூதக்கண்ணாடி வாங்குவதைத் தள்ளி வைத்துவிட்டு அந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள்.

நகையில் உள்ள ஹால்மார்க் எண்ணைப் படிக்க எத்தனை எக்ஸ் வேண்டும்? கடையில் அவசரத்தில் ஒன்றும் புரியவில்லை.
(வாசகி, திருச்சி)

10 எக்ஸ். நகைக்கடையே குறைந்தது 10 எக்ஸ் கண்ணாடி வைத்திருந்து, கேட்கிறவருக்குத் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள். 2021 ஜூலை முதல் முத்திரையில் மூன்று அடையாளங்கள்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணச் சின்னம், தூய்மை (22 காரட்டுக்கு 22கே916, 18 காரட்டுக்கு 18கே750), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண்). மோதிரத்திலும் வளையலிலும் உட்புறம் தேடுங்கள். சங்கிலியில் கொக்கிப் பக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்யூஐடி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு விலக்கு உண்டு. வீட்டில் உள்ள பழைய நகையில் நான்கு முத்திரை இருந்தால் அது முந்தைய முறை, போலி என்று பயப்பட வேண்டாம்.

10 எக்ஸைப் படிக்கும் கண்ணாடி மாதிரி கை நீட்டிப் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. லென்ஸைக் கண்ணருகே, மூக்குக்கண்ணாடியை உரசுமளவுக்குக் கொண்டுவந்து, பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றுங்கள். மற்ற கையில் உள்ள நகையை லென்ஸை நோக்கி 2.5 செ.மீ. வரை கொண்டுவாருங்கள். இரு கைகளின் விரல்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் நடுக்கம் நின்றுவிடும். மறு கண்ணைத் திறந்தே வையுங்கள், மூடினால் சீக்கிரம் களைத்துவிடும். மெருகேறிய தங்கம் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். நகையைச் சற்றே சாய்த்தாலோ எல்இடிமேல் ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டினாலோ மினுக்கு அடங்கி எழுத்து தெரியும். எட்டும் (8) ஆங்கில 'B'யும் ஒன்றுபோல் தெரிவதுண்டு, இரண்டு கோணத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகை, தூய்மை, சோதித்த மையம் எல்லாம் வரும். மோதிரத்தின் எண்ணுக்குக் கம்மல் என்று வந்தால் வாங்காதீர்கள்.

சொந்தமாக வாங்குவதானால் மூன்று லென்ஸ் ஒட்டிய 10 எக்ஸைக் கேளுங்கள். ஒற்றை லென்ஸில் ஓரங்களில் வானவில் நிறம் கட்டி, எழுத்து இழுபடும்.

மிளகாய்ச் செடியில் இலை சுருள்கிறது. பூச்சியா, சிலந்தியா என்று பூதக்கண்ணாடியில் கண்டுபிடிக்க முடியுமா?
(விவசாயி, முதுகுளத்தூர்)

முடியும், அதுவும் 10 எக்ஸ்தான். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி என்பது முதல் ஊகம். உறுதி செய்ய நுனிக்கொழுந்தைக் கிள்ளி, அடிப்புறத்தைப் பாருங்கள். இலைப்பேன் ஒரு மில்லிமீட்டர் அளவில், வைக்கோல் நிறத்தில், ஒல்லியாக ஓடும். கொழுந்தை வெள்ளைத்தாளின்மேல் தட்டினால் உதிரும். சிலந்தி 0.2 மி.மீ.கூட இருக்காது. 10 எக்ஸில் இளமஞ்சளான, பளபளக்கும் கடுகுத்துகள் போலத் தெரியும், நரம்போரமாக ஊரும். விளக்கு இங்கேதான் கை கொடுக்கிறது. இலையை 2.5 செ.மீ.யில் பிடித்தால் உங்கள் தலை நிழலே அதை மறைத்துவிடும். இரண்டும் வேறு வேறு உயிர்கள், ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தொடாமல் போகலாம். கண்டதை வேளாண் அலுவலரிடம் சொல்லி மருந்து கேளுங்கள். ஒரு செடியை நம்பாமல் வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் பாருங்கள்.

ஆறு மாதம் அலமாரியில் இருந்த பூதக்கண்ணாடியில் புது பேட்டரி போட்டும் விளக்கு எரியவில்லை. உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

வேண்டாம். எல்இடி அவ்வளவு சுலபமாகப் போகாது, பழுது பெரும்பாலும் பேட்டரி தொடும் தகட்டில்தான். அந்த வெள்ளைப் பொடி அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த காரம். வெறும் கையால் தொடாமல் கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, பொடியைப் பழைய பல்துலக்கியால் தாளில் தட்டிவிடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்துப் பிழிந்து தகட்டையும் சுருள்கம்பியையும் துடையுங்கள். நுரை கிளம்பி அடங்கும். எலுமிச்சைச் சாறும் ஆகும். பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சி, அடுத்து காய்ந்த குச்சி. அரை நாள் காய விட்டு, தகட்டை நகம் தேய்க்கும் அட்டையால் உலோகம் மின்னும் வரை உரசுங்கள். அழுங்கிப்போன சுருள்கம்பியைச் சற்று வெளியே இழுத்துவிடுங்கள்.

இன்னும் எரியவில்லையென்றால் பேட்டரியின் திசையைப் பாருங்கள். மூன்று பேட்டரி போடும் மாடலில் நடுவில் உள்ளது பெரும்பாலும் தலைகீழாகப் போகும். திசை சரியென்றால் சுவிட்சை இருபது முப்பது தடவை வேகமாக முன்பின் தள்ளுங்கள், உள்ளே படிந்த களிம்பு சில நேரம் உதிர்ந்து வழிவிடும்.

வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ரிமோட்டில் போடும் ஏஏஏ பேட்டரி மூன்று போடும் மாடலில் 4.5 வோல்ட் இருப்பதால் பேட்டரி பாதி தேய்ந்த பிறகும் வெளிச்சம் நிற்கும். இரண்டு மட்டும் போடும் மலிவு மாடல்கள் சீக்கிரம் மங்கும். ரீசார்ஜ் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், மூன்று போட்டால் வேலை செய்யும், ஒளி சற்றுக் குறையும். புதியதும் பழையதும் கலந்து போடாதீர்கள், கசிவுக்கு அது முக்கியக் காரணம். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லையென்றால் கழற்றி வைத்துவிடுங்கள்.

லென்ஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மெல்லிய விரிசல்கள் வலைபோல ஓடுகின்றன.
(வாசகர், புதுச்சேரி)

அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி எல்லாம் அக்ரிலிக்கை விரிசல் விட வைக்கும், அந்த விரிசலைச் சரிசெய்ய வழியில்லை. அடுத்த லென்ஸை, எல்இடி நனையாமல், குழாய்த் தண்ணீரில் தூசி போகக் காட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் தடவிக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். புடவைத் தலைப்பிலும் வேட்டி நுனியிலும் காய்ந்தபடி துடைப்பதுதான் கீறலுக்கு முதல் காரணம்.

குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?
(வாசகி, மதுரை)

சிஆர்2032 போன்ற தட்டைப் பேட்டரி போடும் சின்ன மாடல்களை வாங்க வேண்டாம். வாங்கினால் மூடி திருகாணியால் பூட்டியதாக இருக்கட்டும். அந்தப் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பூதக்கண்ணாடியை ஜன்னல் திட்டில் வெறுமனே விடாதீர்கள். வெயில் லென்ஸ் வழியாக ஒரே புள்ளியில் குவிந்து திரைச்சீலையோ நாளிதழோ பற்றிக்கொள்ளும். உறையில் போட்டு, இழுப்பறையில் வையுங்கள்.