ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களில் வெளிநாட்டு ராணுவம் இறங்கினால் உண்மையிலேயே பலன் உண்டா? உலகம் ஏன் கண்டுகொள்ளாமல் இருக்கிறது?

பலன் கிடைத்த ஓர் இடத்தைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன்: மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சியரா லியோன். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

2000 ஜூலையில் கல்லூரி விடுதியில் பேப்பர் புரட்டும்போதுதான் அந்த நாட்டின் பெயரையே முதலில் பார்த்தேன். ஐநா அமைதிப்படைக்குப் போன நம் கூர்க்கா வீரர்கள் 200 பேருக்கு மேல், கைலாஹுன் என்ற ஊரில் இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கிளர்ச்சிப் படையின் முற்றுகையில் இருந்து, 'ஆபரேஷன் குக்ரி' மூலம் வெளியே வந்த செய்தி. அங்கே போர் தொடங்கியது 1991-ல். ஒன்பது வருடமாக நடந்த போர், நம் ஆட்கள் மாட்டிக்கொண்ட பிறகுதான் என் கண்ணில் பட்டது. நீங்கள் கேட்கும் அந்த 'உலகத்தில்' நானும் ஒருத்தன்.

1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சிப் படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்தது. தெருத்தெருவாக எரித்தார்கள், சாதாரண ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படைதான் அவர்களை விரட்டியது. அதே வருடம் மார்ச்சில் ஐரோப்பாவில் இருக்கும் கொசோவோவுக்காக நேட்டோ விமானங்கள் கிளம்பி 78 நாள் குண்டு போட்டன. சியரா லியோனுக்கு வந்ததோ ஜூலையில் லோமே நகரில் ஓர் ஒப்பந்தம். கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவுக்குப் பொதுமன்னிப்பு, துணை அதிபர் அந்தஸ்து, போதாதென்று வைரம் உள்ளிட்ட கனிம வளங்களைக் கவனிக்கும் ஆணையத்தின் தலைவர் பதவியும்! அவர் படை போர் நடத்தியதே வைரக் காசில்தான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்து அதற்கு அமைதி என்று பெயரும் வைத்தார்கள். என்னைக் கேட்டால், சும்மா இருந்ததைவிட மோசமான அலட்சியம் இதுதான்.

அடுத்த மே மாதமே சுமார் 500 ஐநா வீரர்களைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அப்போது வந்தது பிரிட்டிஷ் படை. தளபதி டேவிட் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்த வேலை, வெளிநாட்டவரைப் பத்திரமாக வெளியேற்றுவது. அவரோ அங்கேயே நின்று அரசுப் படைக்குத் தோள் கொடுத்தார். லண்டன் பிறகுதான் தலையாட்டியது.

பலர் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் நடந்தவைதான் முக்கியம். சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரத்துக்கு ஐநா தடை போட்டது. கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுத்து வந்த லைபீரியா அதிபர் சார்லஸ் டெய்லர் மீது 2001-ல் தடைகள் வந்தன. அண்டை நாடான கினியாவின் ராணுவம் கிளர்ச்சியாளர்களை எல்லையில் நன்றாக அடித்தது. ஐநா படையும் 17,000 பேருக்கு மேல் பெருகியது. 2002 ஜனவரியில்தான் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் அதன்பிறகும் பல வருடம் இருந்தார்கள்.

இதில் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஐநா படைக்குத் தலைமை தாங்கிய இந்தியத் தளபதி விஜய் ஜெட்லி, நைஜீரிய அதிகாரிகளுக்கு வைரத்தில் பங்கு என்று எழுதிய அறிக்கை கசிந்தது. நூற்றுக்கணக்கான வீரர்களைப் பறிகொடுத்திருந்த நைஜீரியா கொதித்துப்போய் மறுத்தது. சில வாரங்களிலேயே இந்தியா தன் படையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது.

சரி, இதே வைத்தியம் சூடானுக்கு ஆகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சியரா லியோன் சின்ன நாடு, கிளர்ச்சியாளர்களுக்கு முக்கியமான புரவலர் ஒருவர்தான். 2023 ஏப்ரலில் தொடங்கிய சூடான் போரிலோ இரண்டு தரப்புக்கும் பின்னால் வெளிநாடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. சூடானின் மேற்குப் பகுதியான தார்ஃபூருக்குள் ஆயுதம் போகக் கூடாது என்ற ஐநா தடை 2004-லிருந்தே இருக்கிறது. தவறாமல் புதுப்பிக்கிறார்கள். ஆயுதமும் தவறாமல் போய்ச் சேருகிறது.