பலகை வேண்டாம், ஃபின் வேண்டும்

பலகை எதுவும் இல்லாமல், உடம்பையே பலகையாக நீட்டி அலையில் சறுக்கி வருவதுதான் பாடிசர்ஃபிங். கடல் விளையாட்டுகளிலேயே செலவு குறைந்தது என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கெடுக்கவே பிறந்தவை போல விதவிதமான சாமான்கள் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கடலடியைப் பார்க்க மிதந்து நீந்தும்போது போட்டுக்கொள்ள நீளமான ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) ஒரு ஜோடி ஏற்கெனவே வைத்திருக்கிறேன். பாடிசர்ஃபிங்குக்கும் அதுவே போதாதா? தனியாக வாங்கச் சொல்வது வியாபாரத் தந்திரமா?

நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது உண்மை.

நீளமான ஃபின் நிதானமாக நெடுந்தூரம் நீந்துவதற்கு. காலை மெதுவாக, அகலமாக அசைத்தால்தான் அது வேலை செய்யும். பாடிசர்ஃபிங்கில் உங்களுக்கு வேண்டியது மூன்று நான்கு விநாடி வேகம் மட்டுமே. அலை முதுகைத் தூக்கும் அந்த நேரத்தில் குட்டையாக, படபடவென்று ஐந்தாறு உதை. நீண்ட பிளேடோடு, அதாவது பாதத்துக்கு முன்னால் நீளும் தட்டைப் பகுதியோடு, அதைச் செய்தால் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, அலை உடையும் இடம் ஆழமே இல்லாதது. பிளேடின் நுனி மணலில் குத்தி நிற்க, உடம்பு மட்டும் அலையோடு போகும். பழி கணுக்கால் மேல் விழும்.

குட்டையான, கொஞ்சம் விறைப்பான பிளேடு, இரு ஓரங்களிலும் தடித்த விளிம்பு, குதிகாலைச் சுற்றி ஃபினோடு ஒன்றாகவே வார்த்த ரப்பர் பட்டை, கால் நுழையும் பகுதியின் அடியில் மணலும் தண்ணீரும் வெளியேற ஓட்டை. இவ்வளவு இருந்தால் போதும். பிளாஸ்டிக் பக்கிள் வைத்த பட்டை வேண்டாம். அலை சுருட்டிப் போடும்போது முதலில் கழல்வது அதுதான்.

விறைப்பு அதிகமானால் வேகமும் அதிகம், ஆனால் கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு மிருதுவானதே நல்லது. நீச்சல் வீரர்களின் கால் பலத்தை மனதில் வைத்துச் செய்த ஃபினை நண்பர் புகழ்கிறார் என்று வாங்கி, பத்து நிமிடத்தில் கரையேறி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குட்டை ஃபின் நேற்று முளைத்த சரக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். லூயி த கோர்லியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1933இல் நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், 1940இல் தன் ரப்பர் ஃபினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஃபின் இன்றும் கிடைக்கிறது. வைப்பர், டாஃபின் போன்றவை பிறகு வந்தவை. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் காலுக்குப் பொருந்துவதுதான் என்பேன். இது மழுப்பல் இல்லை. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: இணையத்தில் அளவு அட்டவணை பார்த்துத்தான் வாங்கினேன். அரை மணி நேரத்தில் குதிகால் தோலே உரிந்துவிட்டது. "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்கிறார் விற்றவர். சரியாகுமா?

தோல் காய்த்துப்போகும். அதைச் சரியாவது என்று அவர் சொல்கிறார் போலிருக்கிறது.

முதலில் அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். அது எந்த நாட்டு அளவு? ஆண்களின் செருப்பு அளவில் பிரிட்டிஷ் 8 என்றால் அமெரிக்காவில் 9, ஐரோப்பாவில் ஏறக்குறைய 42. பெண்களுக்கு அமெரிக்க எண் இன்னும் தள்ளிப்போகும். அட்டவணையின் தலைப்பில் இருக்கும் இரண்டெழுத்தைக் கவனிக்காமல் வாங்கி ஓர் அளவு தவறுவது சர்வசாதாரணம். அதற்கு மேல், ஃபினில் ஷூவைப் போல ஒவ்வோர் எண்ணுக்கும் தனி அளவு கிடையாது. இரண்டு மூன்று எண்களைச் சேர்த்து ஒரே அளவில் அடக்கிவிடுகிறார்கள். எல்லையில் மாட்டிக்கொண்ட காலுக்குத்தான் கஷ்டம்.

நானும் பட்டவன்தான். முதல் ஜோடி வாங்கிய கடையில், "தண்ணீரில் ரப்பர் இறுகும், பெரிதாகவே எடுங்கள்" என்றார்கள். நம்பி எடுத்தேன். மூன்றாவது நாள் நடுத்தரமான ஓர் அலை என்னைப் புரட்டியது. எழுந்து பார்த்தால் இடது காலில் ஒன்றுமில்லை. ஒற்றை ஃபினோடு வட்டமடித்துக் கரை சேர்ந்தேன். கடைக்குப் போய்ச் சொன்னால், தனியாக ஒன்று விற்பதில்லை என்று பதில் வந்தது. இறுகுவது ரப்பர் இல்லை, குளிர்ந்த தண்ணீரில் கால்தான் கொஞ்சம் சுருங்கும். அப்படியானால் பெரிதாக எடுத்தது இரட்டைத் தப்பு.

வாங்கும் முன் காலை நனைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். காலைத் தூக்கி, ஒட்டிய சேற்றை உதறுவதுபோல நாலு உதறு உதறுங்கள். ஃபின் அசையக் கூடாது. அதே நேரம் விரல்கள் மரத்துப்போகவும் கூடாது. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தால் எங்கே உரசுகிறது என்று கால் தானே சொல்லிவிடும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டினால் பெரியதை எடுத்து, உள்ளே நியோப்ரீன் (நுரை ரப்பர் துணி) காலுறை போடுங்கள். அந்தக் காலுறையையும் மாட்டிக்கொண்டே உதறிப் பார்த்து வாங்குங்கள்.

இணையத்தில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், மாற்றிக் கொடுக்கும் விதியை முதலில் படியுங்கள். பல இடங்களில் தண்ணீர் பட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் சோதனையை வீட்டில் உலர்ந்த காலோடு, சுத்தமான தரையில் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. உரசாமல் இருக்கப் பெட்ரோலியம் ஜெல்லி தடவச் சொல்வார்கள். உங்கள் ஃபின் இயற்கை ரப்பர் என்றால் தடவாதீர்கள். அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

கேள்வி: ஃபினைக் கணுக்காலோடு கட்டும் கயிறு தேவையா? "மிதக்கும் ஃபின்" என்று அட்டையில் போட்டிருக்கிறதே?

மிதப்பது உண்மையாக இருந்தாலும், நுரையும் திரையுமாகக் கொதிக்கும் தண்ணீரில் கறுப்பு ரப்பர் கண்ணில் படாது. வாங்குவதாக இருந்தால் பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள். கயிறும் வாங்குங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவானதும் உருப்படியானதும் அதுதான். காலுறைக்குச் சொன்ன அதே நியோப்ரீன் துணியில் அகலமான பட்டையாக இருக்கட்டும். மெல்லிய நைலான் கயிறு அறுக்கும்.

ஹவாயின் பைப்லைன் கரையில் பல ஆண்டுகள் உயிர்காப்பாளராக இருந்த மார்க் கன்னிங்ஹாம் பாடிசர்ஃபிங்கில் பெரிய பெயர். அலை இல்லாத நாட்களில் அவர் அங்கே முக்குளித்து, அலைச்சறுக்குப் பலகைகளிலிருந்து உடைந்த துடுப்புகளையும் கைக்கடிகாரங்களையும் பொறுக்கிச் சேர்த்தவர். கடல் எவ்வளவு வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அந்தச் சேகரிப்பு போதும்.

கேள்வி: கையில் மாட்டும் ஹேண்ட்பிளேன் மரத்திலும் இருக்கிறது, ஃபோமிலும் இருக்கிறது. எது வாங்கினால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்?

எதுவும் வாங்காமல் இருந்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்.

அந்தச் சின்னப் பலகை செய்வது ஒரே வேலை. அதை முன்னால் நீட்டி அழுத்தினால் நெஞ்சு தண்ணீரிலிருந்து கொஞ்சம் எழும், உரசல் குறையும், வேகம் கூடும். ஆனால் அலையைப் பிடித்த பிறகுதானே இதெல்லாம்? பிடிக்கும் வரை அது கையில் தொங்கும் சுமை. கையை வீசி நீந்த முடியாது. வெறுங்கையோடு பத்து அலைக்கு ஆறு அலையாவது பிடிக்க வந்த பிறகு யோசியுங்கள்.

அவசரம் என்றால், பழைய ரப்பர் செருப்பு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு இறங்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள். சாப்பாட்டுத் தட்டை வைத்து அலையேறிய ஆட்கள் பலர் உண்டு. செருப்பில் சுகம் தெரிந்தால் பிறகு செலவு செய்யலாம்.

வாங்கும்போது மரமா ஃபோமா என்பதைவிடப் பட்டையைப் பாருங்கள். அலை உடையும் திசைக்கேற்ப கையை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே இரு கைக்கும் பொருந்தி, ஒரே இழுப்பில் கழற்றவும் முடிய வேண்டும். பெரிய பலகை சின்ன, சோம்பல் அலைக்கு. சிறியது வேகமான அலைக்கு. மரம் அழகு, ஆனால் வார்னிஷ் பெயர்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்து ஊறும். அடுத்தவர் மண்டையில் பட்டாலும் மரம் மரம்தான். கூட்டத்தில் ஃபோமே மேல்.

கேள்வி: ஃபின் வாங்கி இரண்டு மாதம். அலைகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. விறைப்பான ஃபினாக மாற்றினால் பலன் இருக்குமா?

காசை உள்ளே வையுங்கள். நீங்கள் நிற்கும் இடம்தான் தவறு என்று நினைக்கிறேன்.

ஓர் அலை உடைவது பெரும்பாலும் அதன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, கொஞ்சம் கூட, ஆழமுள்ள இடத்தில். ஒரு மீட்டர் அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில். அதற்கு வெகுதூரம் வெளியே நின்றால் அலை வெறுமனே உங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும், அங்கே அதற்குச் சரிவு இல்லை. உள்ளே நின்றால் தலைமேல் விழும். இறங்குவதற்கு முன் கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து எங்கே முதலில் வெள்ளை தெறிக்கிறது, எந்தப் பக்கமாக உடைந்துகொண்டு போகிறது என்று பாருங்கள். அந்த வெள்ளைக்குச் சற்று வெளியே, அலை இன்னும் உடையாத பக்கமாக உங்கள் இடம்.

அடுத்தது நேரம். அலை முதுகைத் தொட்ட பிறகு உதைக்கத் தொடங்கினால் அது போய்விட்டது. இரண்டு உடம்பு நீளம் தள்ளி வரும்போதே கரையைப் பார்த்துத் திரும்பி நீந்தத் தொடங்க வேண்டும். தலை தண்ணீருக்குள். பாதம் தூக்கப்படுவது தெரிந்ததும் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு உதை, கையால் ஒன்றிரண்டு வீச்சு. உடம்பு தானே சரிவில் வழுக்குவது புரியும். அப்போது தலையை நிமிர்த்தி, ஒரு கையை முன்னே நீட்டி, இடுப்பிலிருந்து கால் வரை கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே தலையைத் தூக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்களின் பிழை. தலை எழுந்தால் கால் தாழும், கால் தாழ்ந்தால் அலை விட்டுவிடும்.

பிடித்ததும் நேராகக் கரைக்குப் போகாமல், உடையாத பக்கமாகச் சாய்ந்து குறுக்கே போங்கள். அங்கேதான் சறுக்கல் நீளும். அலை மொத்தமாக மூடப்போகிறது என்று தெரிந்தால் தோளைத் திருப்பி அலையின் சுவருக்குள்ளேயே புகுந்து பின்பக்கம் வெளியே வந்துவிடுங்கள். எப்படி ஏறுவது என்பதற்கு முன்னால் எப்படி இறங்குவது என்று பழகுங்கள்.

கேள்வி: சன்ஸ்கிரீன் டப்பாவில் "பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது" என்று இருந்தால் நம்பலாமா?

அட்டையின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டில் ஏதாவது ஒன்று உள்ள சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்கு ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. அந்த இரண்டு பெயர்களும் இல்லையென்றால் தொடக்கத்துக்குப் போதும். இன்னும் எளிய வழி, யுபிஎஃப் 50 என்று போட்ட முழுக்கைச் சட்டை. புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் அது உள்ளே விடும். உடம்பை ஒட்டியிருக்கட்டும், தொளதொளவென்றால் தண்ணீரை அள்ளும். பை வைத்த அரைக்கால் சட்டைக்கும் இதே பேச்சுதான்.

கேள்வி: பயன்படுத்திய ஃபின் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. பிளேடும் கால் பகுதியும் சேரும் இடத்தை வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். குதிகால் பட்டையை இழுத்து விடுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மேல்புறம் பிசுபிசுத்தாலும் வறண்டு பொடிந்தாலும் வெயிலில் வைத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பிளேடு ஒரு பக்கம் கோணியிருந்தால் நிறுத்தி வைத்த பழக்கம். நீங்களாவது நல்ல தண்ணீரில் அலசி நிழலில் படுக்க வையுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் கேட்டு அடம் பிடிக்கிறான். பாதுகாப்புக்கு என்ன வாங்கித் தருவது அம்மா என்ற முறையில்?

ஃபின், கயிறு, முழுக்கைச் சட்டை. காற்றடைத்த கைவளையம், மிதவை எதுவும் வேண்டாம். அவை அவனை அலைக்கு அடியில் மூழ்கிப் போகவிடாமல் அலையின் வாயிலேயே நிறுத்தும்.

மற்றது கடைகளில் கிடைக்காது. கரையிலேயே டமாரென்று விழும் அலையில் அவன் ஏறக் கூடாது. கழுத்து முறிவது அங்கேதான், நல்ல நீச்சல்காரர்களுக்கும்கூட. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையில் 'வெட்ஜ்' என்ற இடம் இருக்கிறது. கல்தடுப்பில் மோதித் திரும்பும் அலை அடுத்ததோடு சேர்ந்து, ஆழமில்லாத இடத்தில் கோபுரமாக எழும். காணொளிகளில் அவன் பார்த்து மயங்கியிருப்பது அநேகமாக அதைத்தான். மெல்ல நுரைத்துச் சரியும் அலை எது, குப்புறக் கவிழும் அலை எது என்று கரையில் நின்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். விழும்போது கைகள் தலைக்கு முன்னால் இருக்க வேண்டும், தலைகுப்புறப் பாயவே கூடாது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும். முடியவில்லையென்றால் மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்ட வேண்டும்.

உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில், அவர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் இறங்கட்டும். ஃபினை மணலில் மாட்டிக்கொண்டு நடந்தால் தடுக்கி விழுவான். இடுப்பளவு தண்ணீருக்குப் போய் மாட்டச் சொல்லுங்கள், திரும்பும்போது பின்னோக்கி நடந்து, அலையைப் பார்த்தபடியே கரையேறச் சொல்லுங்கள்.