ரோமிலிருந்து அரை நாள்: திவோலி மாளிகைகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்

சென்ற இதழில் ரோம் பற்றி எழுதும்போது, பக்கத்தில் திவோலி என்று ஓர் ஊர் இருக்கிறது, முடிந்தால் போய்ப் பாருங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்கத் திவோலி.

மகன் மிலானில் வேலை பார்க்கிறான். அக்டோபரில் நானும் கணவரும் மாமியாரும் போகிறோம், ரோமில் மூன்று நாள்தான். காலையில் பஸ்ஸில் ஏற்றி, வழிகாட்டியோடு திவோலியில் இரண்டு பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காட்டிவிட்டு மதியம் திரும்பக் கொண்டுவந்து விடும் பயணம் ஒன்று பார்த்தோம். கொலோசியம், வாட்டிகன் எல்லாம் இருக்க இதற்கு அரை நாள் கொடுக்கலாமா?
— வாசகி, மதுரை

தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று நாளும் ரோம் நகரத்துக்குள்ளேயே வரிசையில் நின்று, கல்தரையில் நடந்து, கூட்டத்தில் இடிபட்டால் மூன்றாம் நாள் எதைப் பார்த்தாலும் மனதில் ஏறாது. திவோலி ரோமுக்குக் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போகும் வழியில் வெள்ளை வெள்ளையாகக் கல்குவாரிகள் வரும், ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கொலோசியத்தைக் கட்டிய டிராவர்டைன் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். திவோலியின் பழைய பெயர் திபூர், அந்தப் பெயரே திரிந்து டிராவர்டைன் என்று கல்லுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

பார்க்கப்போகும் இரண்டு இடங்களுக்கும் நடுவில் 1,400 வருட இடைவெளி. முதலாவது வில்லா அத்ரியானா, பேரரசர் ஹேட்ரியன் இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. வில்லா என்றதும் நம் ஊர்ப் புறநகரில் விற்கிற வீடு ஞாபகத்துக்கு வரும், ஆனால் இது குறைந்தது 120 ஹெக்டேரில் குளியல் மண்டபங்கள், நூலகங்கள், குளங்கள், விருந்து மண்டபங்கள், வேலைக்காரர் குடியிருப்புகள் என்று விரிந்து கிடந்த ஓர் ஊர். இரண்டாவது வில்லா தெஸ்தே. 1550இல் மூன்றாம் ஜூலியஸ் போப்பாகத் தேர்வாக உதவியதற்குக் கைம்மாறாக, இப்போலித்தோ தெஸ்தே என்ற கார்டினல் திவோலிக்கு ஆளுநராக்கப்பட்டார். தானே போப்பாக வேண்டும் என்று பலமுறை முயன்று கிடைக்காமல் போனவர் அவர். அந்த ஆசையும் பணமும் இந்த மலைச்சரிவில் நீரூற்றுத் தோட்டமாக இறங்கியிருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்டினலுக்குத் தோட்டம் வரைந்து கொடுத்த பிர்ரோ லிகோரியோதான் ஹேட்ரியனின் இடிபாடுகளைத் தோண்டி ஆராய்ந்தவரும். அங்கிருந்து சிலைகளும் பளிங்கும் மேலே தோட்டத்துக்குப் போயின. கீழே சுவர்கள் வெறும் செங்கல்லாக நிற்பதைப் பார்த்துவிட்டு மேலே போனால், அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் முதலில் அத்ரியானா, பிறகு தெஸ்தே. வரிசை மாறினால் சுவை குறையும்.

போன வருடம் இதே அரை நாள் பயணம் போனோம். அத்ரியானாவில் 40 நிமிடம்தான். போகிற வழியில் ஒரு கடையில் நிறுத்தி அதற்கே அரை மணி நேரம் போய்விட்டது. அரை நாளில் இரண்டு இடம் என்று விளம்பரம் செய்வதே தப்பில்லையா?
— வாசகர், சிங்கப்பூர்

உங்கள் வருத்தம் நியாயம், முதல் தடவை எனக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. கூட்டிப்போன நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அத்ரியானாவில் கடல் அரங்கம் என்று சொல்லப்படும் வட்டக் குளத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரைக்குக் கிளம்பி ஒன்றரைக்குத் திரும்புகிறது என்றால் ஐந்து மணி நேரம். போக வர சாலையிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும், காலை நெரிசலில் கொஞ்சம் கூடவே ஆகும். ஏறி இறங்க, டிக்கெட் வாங்க, கழிப்பறை போக, ஒரு வில்லாவிலிருந்து இன்னொன்றுக்கு மலையேறிப் போக என்று இன்னொரு முக்கால் மணி. ஆக மிச்சம் இரண்டே கால் மணி நேரம், அதில்தான் இரண்டு இடமும். நான்கு மணி நேரத்தில் இரண்டையும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு மணி நேரம்தான் என்றால் ஒரே ஒரு வில்லா, அதுவே நிறைவாக இருக்கும். ஐந்தரை, ஆறு மணி நேரம் என்றால் இரண்டும் சரிப்படும்.

அப்புறம், ஒவ்வொரு வில்லாவிலும் உள்ளே எத்தனை நிமிடம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நடுவில் கடை நிறுத்தம் உண்டா, நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்த்தியா, குழுவில் எத்தனை பேர், காதில் மாட்டும் கருவி தருவார்களா, திரும்பி எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதையும் கேளுங்கள். முப்பது நாற்பது பேர் கூட்டத்தில் காதுக் கருவி இல்லாவிட்டால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் கேட்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் எப்போதும் பின்னால்தான் வருவார்கள்.

வழிகாட்டி அவசியமா? போனில் படித்துக்கொண்டே பார்த்தால் போதாதா?
— கல்லூரி மாணவர், கோவை

தெஸ்தேயில் போதும். அங்கே தண்ணீர் தானாகப் பேசும், சத்தம் வருகிற பக்கம் போனால் அடுத்த ஊற்று. அத்ரியானாவில் மட்டும் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஆலிவ் மரங்களும் உடைந்த செங்கல் சுவர்களும்தான் கண்ணில் படும். எது குளியலறை, எது விருந்து மண்டபம் என்று தெரியாமல் அரை மணி நேரம் சுற்றினால் சலிப்புத்தான் வரும். அதே இடத்தை விஷயம் தெரிந்த ஒருவர் காட்டும்போது சுவர் எழும்புகிறது, கூரை வேய்கிறது, ஆட்கள் நடமாடுகிறார்கள்.

எனக்கு இரண்டாம் முறை வந்த வழிகாட்டி முதலில் முழு வளாகத்தின் சிறு மாதிரி வடிவத்தின் முன் எங்களை நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினார். ஹேட்ரியன் 117 முதல் 138 வரை ஆண்டவர், அதில் பெரும்பகுதியைத் தன் பேரரசைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழித்தவர். பார்த்துப் பிடித்த இடங்களின் பெயர்களைத் தன் மாளிகையின் பகுதிகளுக்கு வைத்துக்கொண்டார். கனோபஸ் என்று ஒரு நீண்ட குளம், எகிப்தில் அலெக்சாந்திரியா பக்கத்து ஊரின் பெயர். கரையில் தூண்களும் சிலைகளும் ஒரு கல் முதலையும் இருக்கும், மறுகோடியில் பாதிக் குடை போன்ற மண்டபத்தின் நிழலில் விருந்து நடந்தது. அப்புறம் அவர் காட்டியது தரைக்கு அடியில் ஓடும் சுரங்கப் பாதைகள். விறகும் சாப்பாடும் சுமந்த அடிமைகளும் வண்டிகளும் பேரரசரின் கண்ணில் படாமல் போய்வரத் தோண்டியவை. அத்தனை பளிங்கைப் பற்றிக் கேட்டபோது வராத கனம் அந்தப் பாதையைப் பார்த்தபோது மனதில் வந்தது. இதைப் போனில் படித்திருந்தால் ஒரு வரியாகக் கடந்து போயிருப்பேன்.

நான் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர். தெஸ்தே தோட்டத்தில் மோட்டாரே இல்லாமல் நீரூற்றுகள் ஓடுகின்றன என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், தஞ்சாவூர்

உண்மைதான் ஐயா, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம். அனியேனே ஆறு ஊரின் மேல்பக்கம் வருகிறது, தோட்டம் கீழே மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறது. ஊருக்கு அடியில் சுரங்கக் கால்வாய் வெட்டி ஆற்று நீரைத் தோட்டத்தின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அதற்குப் பிறகு எல்லாமே சரிவின் வாட்டம்தான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மேல்மாடிக் குழாயில் மெதுவாக வரும் தண்ணீர் கீழ் வீட்டில் பீய்ச்சி அடிக்கும் இல்லையா, அதே சங்கதி. பத்து மீட்டர் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம், இது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் அடுக்கில் மென்மையாக வழியும் தண்ணீரே கீழ் அடுக்கில் போய் மேல்நோக்கிச் சீறுகிறது. 51 நீரூற்றுகள், 220 தொட்டிகள், 875 மீட்டர் கால்வாய்கள், ஒன்றிலும் பம்பு கிடையாது.

நூறு ஊற்றுகள் என்று ஒரு நீண்ட நடைபாதை இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க மூன்று அடுக்காகத் தண்ணீர், கீழ் வரிசையில் பாசி படிந்த முகங்களின் வாயிலிருந்து கொட்டுகிறது. பாசி அந்த முகங்களை மூடியே விட்டது, எனக்கு அது அப்படியே பிடித்தது.

நீங்கள் தவறவிடக்கூடாதது ஆர்கன் ஊற்று. தண்ணீர் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு ஒரு மூடிய அறைக்குள் இறங்குகிறது, அங்கே காற்று பிரிந்து அழுத்தத்தோடு குழல்களுக்குள் ஏறுகிறது, தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது எந்தக் குழல் எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உருளையைச் சுழற்றுகிறது. ஆள் இல்லாமல் இசை. 1572இல் பதின்மூன்றாம் கிரெகரி போப் வந்து கேட்டுவிட்டு, உள்ளே யாரையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார் என்பார்கள். பல காலம் ஊமையாகக் கிடந்ததைச் சீர்செய்து 2003இல் மறுபடி பாட வைத்தார்கள். காலை பத்தரை மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் வாசிக்கும், உள்ளே நுழையும்போதே அன்றைய நேரத்தைக் கேட்டுவிடுங்கள். இதற்குக் கீழே பெரிதாகக் கொட்டும் நெப்டியூன் ஊற்று பழையதல்ல, 1920களில் கட்டியது. எல்லாரும் போட்டோ எடுப்பது அதைத்தான்.

எனக்கு முட்டிவலி. படிகள் அதிகமா?
— வாசகி, சென்னை

தெஸ்தேயில் அதிகம். மாளிகை மேலே, தோட்டம் கீழே, இறங்கினதை எல்லாம் திரும்பி ஏறியாக வேண்டும். முழுக்க இறங்க முடியாவிட்டால் மொட்டைமாடி முற்றத்திலிருந்து பார்த்துவிட்டு, நூறு ஊற்றுகள் வரைக்கும் மெதுவாகப் போய் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அத்ரியானாவில் படி குறைவு, நடைதான் அதிகம், சரளைக்கல் பாதை, நிழல் குறைவு. ஜூலை ஆகஸ்டில் பெரியவர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள். மதுரை வாசகிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அக்டோபர் நல்ல மாதம்.

நாங்களே ரயிலில் போய்வரலாமா?
— வாசகர், திருநெல்வேலி

தெஸ்தே மட்டும் என்றால் சுலபம். ரோமில் திபுர்தினா நிலையத்திலிருந்து திவோலிக்கு ரயில் உண்டு, பொந்தே மம்மோலோ மெட்ரோ நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு. அத்ரியானா மலைக்குக் கீழே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, உள்ளூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போகும். இரண்டும் வேண்டும் என்றால் முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் தெஸ்தே திறப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம், அதனாலேயே கூட்டமும் அதிகம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

கிடைக்கும். சதுரமாக வெட்டி எடை போட்டு விற்கும் பீட்சா ஊருக்குள் பல கடைகளில் உண்டு. மரினாரா என்று கேளுங்கள், தக்காளியும் பூண்டும்தான், சீஸ் இல்லை. முழுச் சைவம் என்றால் பார்மேசன் சீஸையும் தவிர்க்க வேண்டும், அதைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதைச் சேர்க்கிறார்கள்.

எல்லாம் சரி, ஒரே ஓர் இடத்தில்தான் பத்து நிமிடம் சும்மா உட்கார முடியும் என்றால் எங்கே உட்காருவீர்கள்?
— வாசகர், கோலாலம்பூர்

முதல் தடவை போட்டோ எடுப்பதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்ட அதே கடல் அரங்கத்தில்தான். பெயர்தான் அரங்கம், உண்மையில் வட்டமாக ஒரு நீர்ச்சுற்று, நடுவில் தீவு போல ஒரு குட்டி வீடு. அவ்வளவு பெரிய மாளிகைக்குள் ஹேட்ரியன் தனியாக இருக்க நினைத்தால் அங்கே போய்விடுவாராம், நீரைக் கடந்தால்தான் யாரும் அவரை அண்ட முடியும். இரண்டாம் முறை போனபோது வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து அங்கே தங்கிவிட்டேன், குழு கனோபஸ் பக்கம் முன்னால் போனது. தண்ணீரில் உடைந்த தூண்களின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. நன்றாக உட்கார்ந்துவிட்டுப் பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.