கேளுங்க சொல்றேன்: வெத்தலைப் பெட்டியில அஞ்சு பட்டன்

கேள்வி: எங்க அவ்வா போனப்புறம் அவங்க வெத்தலைப் பெட்டியைத் தொறந்தா பாக்குவெட்டிக்கு அடியில ஒரு துணி முடிச்சு, அதுல அஞ்சு பித்தளை பட்டன். நாலுல சிங்கமும் ஒத்தக் கொம்பு குதிரையும் இருக்கு, ஒண்ணுல வெறும் எழுத்து. எங்க முப்பாட்டன், தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களுக்கும் டச்சு வம்சத்து போயருங்களுக்கும் நடந்த ஸ்பியோன் கோப் சண்டையில அடிபட்டவங்களைத் தூக்கினவர்னு வீட்ல சொல்லுவாங்க. இது அவர் போட்டிருந்ததா? எந்த வருஷத்து பட்டன்?
- வாசகி, டோங்காட்

பதில்: அம்மா, பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புனீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு, நிறைய பேர் முன்பக்கத்தை மட்டும் மங்கலா ஒரு படம் அனுப்பிட்டு வருஷம் என்னன்னு கேக்குறாங்க.

சிங்கமும் குதிரையும் இருக்கிற நாலும் பிரிட்டிஷ் ராணுவத்துல சாதா சிப்பாய்ங்களுக்குக் குடுத்த பொது பட்டன். 1871ல வந்தது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரெஜிமெண்ட்டுக்கும் அதோட நம்பர் பட்டன்ல இருக்கும், அந்த வழக்கம் 1767லயிருந்து நடந்துச்சு. ஆக உங்க பட்டன் எதுவும் 1871க்கு முன்னாடி போகாது. அதுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம்னு தெரியணும்னா பட்டன்ல இருக்கிற கிரீடத்தைப் பாக்கணும், லென்ஸ் இல்லாம முடியாது, பொட்டு அளவுக்குத்தான் இருக்கும். கிரீடத்தோட ரெண்டு வளைவும் மேல ஏறி நடுவுல குழிஞ்சு இறங்குதா, இல்ல இட்லி மாதிரி உப்பி நிக்குதான்னு பாருங்க. குழிஞ்சிருந்தா விக்டோரியா ராணி காலம், உப்பியிருந்தா 1901ல அந்தம்மா போனப்புறம் வந்த ராஜாக்கள் காலம். எலிசபெத் ராணி வந்து 1953 வாக்குல மறுபடி குழி வச்ச கிரீடம் வந்துடுச்சு, அதனால குழியைப் பாத்த உடனே விக்டோரியான்னு குதிச்சிடாதீங்க, நானே ஒரு தடவை குதிச்சு இருநூறு ரேண்ட் விட்டிருக்கேன். ஆனா எலிசபெத் காலத்து பட்டன் பெரும்பாலும் மஞ்சள் பூச்சு அலுமினியம், கையில வச்சா காகிதம் மாதிரி கனமே இருக்காது. உங்களுது பித்தளை, நல்லா தேஞ்சிருக்கு, அந்தக் குழப்பம் இல்ல.

உங்க நாலுல மூணு குழி, ஒண்ணு உப்பல். ஸ்பியோன் கோப் சண்டை 1900 ஜனவரி 24. உப்பல் கிரீடம் அன்னைக்குப் பொறக்கவே இல்ல, அதனால அந்த ஒண்ணு வேற கோட்டுலயிருந்து வந்தது. மிச்ச மூணுல ஒண்ணுக்குப் பின்னாடி வளையத்தைச் சுத்தி ஜே.ஆர். காண்ட்னு பட்டன் செஞ்ச கம்பெனி பேரு பொறிச்சிருக்கு, அந்தக் கம்பெனி 1884ல ஆரம்பிச்சது, ஆக அது 1884க்கு முன்னாடி போகாது. அந்த மூணும் காலக் கணக்குல ஸ்பியோன் கோப்புக்குப் பொருந்தும், ஆனா பொருந்துறது வேற, அவரோடதுன்னு சொல்றது வேற. காந்தி சேத்த ஆம்புலன்ஸ் படையில சுமார் 1,100 பேர், அதுல 800 பேர் கிட்ட தோட்டத்துலயிருந்து வந்த ஒப்பந்தக் கூலி ஜனங்க, உங்க முப்பாட்டன் அதுல இருந்திருக்கலாம், ஆனா பட்டன் அதுக்கு சாட்சி சொல்லாது. பட்டாளம் கழிச்சு விட்ட பழைய கோட்டு மலிவா வரும், கரும்புத் தோட்டத்துல விடியக்காலைக் குளிருக்கு அதை வாங்கிப் போட்டுக்கிட்டவங்க நிறைய பேர். கோட்டு கிழிஞ்சு கந்தலாகும், பட்டனை மட்டும் அறுத்து முடிஞ்சு வைப்பாங்க, எங்க வீட்லயும் அப்படித்தான்.

எனக்கு உண்மையில ஆசையா இருந்தது உங்க அஞ்சாவது பட்டன்தான். அதுல இருக்கிற எழுத்து என்.ஜி.ஆர்., அதாவது நேட்டால் கவர்மெண்ட் ரயில்வே. அது பட்டாளமே இல்ல. சர்க்கார் 1877ல ரயிலை எடுத்துக்கிச்சு, 1910ல நேட்டாலும் மத்த காலனிகளும் சேந்து தென்னாப்பிரிக்க யூனியன் ஆனதும் அந்தப் பேரு போயிடுச்சு, நடுவுல இருக்கிற 33 வருஷத்துக்குள்ளதான் அந்த பட்டன். நம்ம ஜனங்க எத்தனையோ பேர் அந்த லைன்ல வேலை பாத்தாங்க. குடும்பத்துல யாராச்சும் ரயில்வேல இருந்தாங்களான்னு பெரியவங்களைக் கேளுங்க, ஸ்பியோன் கோப்பை விட இது கையில சிக்குற நூல்.

கேள்வி: சண்டே மார்க்கெட்டுல ஒருத்தர் 24னு நம்பர் போட்ட பித்தளை பட்டன் வச்சிருக்காரு, இசண்ட்ல்வானா மண்ணுல எடுத்த சிப்பாய் பட்டன்னு 1,500 ரேண்ட் கேக்குறாரு. வாங்கலாமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, காசை உள்ள வைங்க. இசண்ட்ல்வானா, அதான் ஜூலு படை பிரிட்டிஷ் பட்டாளத்தைத் தோக்கடிச்ச சண்டை, 1879 ஜனவரி 22. அங்க செத்தவங்கள்ல 24ஆவது ரெஜிமெண்ட்டு ஆளுங்கதான் நிறைய, அதனாலதான் அந்த நம்பருக்கு இவ்வளவு கிராக்கி. ஆனா மேல சொன்ன கணக்கைப் போடுங்க: சிப்பாய்ங்களுக்கு 1871லயே நம்பர் பட்டன் போயாச்சு. அன்னைக்கு சிப்பாய் மாட்டியிருந்தது சிங்கமும் குதிரையும். நம்பர் ஆபிசருங்களுக்குத்தான் இருந்துச்சு, அவங்களுது தங்க முலாம் போட்ட பட்டன். சிப்பாய்க்கு பித்தளையில நம்பர்னா 1855க்கும் 1871க்கும் நடுவுல (1855 வரைக்கும் வெள்ளீயக் கலவை, சாம்பல் நிறம்), அது நிஜ பழைய பட்டனாவே இருக்கலாம், ஆனா அந்தச் சண்டையோடது இல்ல. 1881ல நம்பரே போயி சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ்னு பேராயிடுச்சு.

இன்னொண்ணு, அவர் சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம், அப்பவும் வம்புதான். 1999ஆம் வருஷத்து பாரம்பரியச் சட்டப்படி பெர்மிட் இல்லாம போர்க்களத்துல தோண்டி எடுக்கிறது குத்தம், மெட்டல் டிடெக்டர் தூக்கிட்டுப் போறதும் குத்தம். அந்த ஆளு கதை பொய்யா இருந்தா உங்களுக்கு நஷ்டம், நிஜமா இருந்தா திருட்டு சாமான்.

கேள்வி: பழைய பட்டனை குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு தேய்க்கலாமா? பளபளன்னு வருமே.
- வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வரும், தங்க முலாமும் கூடவே வந்துடும். பின்னாடி இருக்கிற கம்பெனி எழுத்தும் தேஞ்சு போகும், அப்புறம் வருஷம் கண்டுபிடிக்க எதைப் பாக்குறது? வெதுவெதுப்பா சோப்புத் தண்ணி, மெத்துன்னு ஒரு டூத்பிரஷ், தொடைச்சு நிழல்ல காய வைங்க, அம்புட்டுதான். ஏற்கனவே ஊறப் போட்டுட்டுதான் கேக்குறீங்கன்னா, பத்திரிகையைக் கீழ வச்சிட்டு முதல்ல போய் எடுங்க.