லைசென்ஸ் உள்ள டேகேர், இல்லாத டேகேர்: கட்டணம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

கேள்வி: லைசென்ஸ் வாங்கி என் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். முதலுதவிப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை, இன்சூரன்ஸ், அதிகாரிகளின் ஆய்வு எல்லாம் முறையாக நடக்கின்றன. பக்கத்துத் தெருவில் ஒருவர் லைசென்ஸ் இல்லாமல், என்னைவிட மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். என்னிடம் இருந்த சில குடும்பங்கள் அங்கே போய்விட்டன. நானும் கட்டணத்தைக் குறைத்துவிடலாமா? அவர்மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: கட்டணத்தைக் குறைக்காதீர்கள். மற்ற தொழில்களில் விலையைக் குறைத்தால் கூடுதலாக விற்று ஈடுகட்டலாம். உங்களுக்கு அந்த வழி கிடையாது, ஏனென்றால் எத்தனை பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதைச் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. இங்கிலாந்தில் பதிவு (அங்கே லைசென்ஸ் போன்றது) பெற்ற ஒருவர் தனியாகப் பார்த்துக்கொள்ளும்போது, பொதுவாக 8 வயதுக்கு உட்பட்டவர்கள் 6 பேர் வரைதான் இருக்கலாம். அதில் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் 3 பேர், ஒரு வயது நிறையாத குழந்தை ஒன்றே ஒன்று. கைக்குழந்தைக்கான இடத்துக்கு ஏன் கட்டணம் அதிகம் என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கே பதில். வரவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, செலவு அப்படியே நிற்கிறது. இந்த நிலையில் கட்டணத்தைக் குறைத்தால் அடுத்து நீங்கள் கைவைக்கக்கூடியது பாதுகாப்பில்தான். அதை நீங்கள் செய்ய மாட்டீர்கள், ஆகவே மெல்ல மெல்லக் கடையை மூட வேண்டி வரும். நல்ல பராமரிப்பாளர்கள் பலர் இப்படித்தான் தொழிலை விட்டுப் போகிறார்கள். அது எல்லாப் பெற்றோருக்கும் நஷ்டம்.

புகார் விஷயத்துக்கு வருவோம். லைசென்ஸ் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் சட்டத்தை மீறுகிறார் என்று சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லைசென்ஸ் இல்லாமலே 13 வயதுக்கு உட்பட்ட 5 பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் 2 வயது நிறையாதவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. தன்னிடம் லைசென்ஸ் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில், தன் பிள்ளைகளோடு வேறு ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. இங்கிலாந்திலோ, 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன் வீட்டில் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டால் பொதுவாகப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆகவே முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். அவர் அந்த வரம்புக்குள் இருந்தால் புகாருக்கு இடமில்லை. வரம்பை மீறிப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால் லைசென்ஸ் அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். போட்டியாளர் என்ற கூச்சமே வேண்டாம். நெருப்பு பிடித்தால் ஒரே ஆள் அத்தனை குழந்தைகளையும் வெளியே கொண்டுவர முடியுமா என்பதற்காக வைத்த வரம்பு அது. நீங்களே கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பெற்றோரிடம் அவரைப் பற்றிப் பேச வேண்டாம், அது உங்கள் பேரைத்தான் கெடுக்கும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் செலவு செய்யும் எதுவும் பெற்றோரின் கண்ணில் படுவதில்லை. முதல் சந்திப்பிலேயே கடைசி ஆய்வறிக்கை, இன்சூரன்ஸ் கடிதம், முதலுதவிச் சான்றிதழ் மூன்றையும் மேசைமேல் வையுங்கள். உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் என்ன ஏற்பாடு என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் அரசு உதவியைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பிரிட்டனில் டாக்ஸ்-ஃப்ரீ சைல்டுகேர் என்ற அரசுத் திட்டத்தின் பணத்தைப் பதிவோ அங்கீகாரமோ பெற்றவரிடம்தான் செலவழிக்க முடியும். ஒன்டாரியோவில் அரசு மானியத்தோடு குறைக்கப்பட்ட கட்டணம், அந்தத் திட்டத்தில் சேர்ந்த லைசென்ஸ் உள்ள இடங்களுக்கு மட்டுமே. பெற்றோர் பலரும் உதவி கழிப்பதற்கு முந்தைய உங்கள் கட்டணத்தை லைசென்ஸ் இல்லாதவர் கேட்கும் தொகையோடு ஒப்பிடுகிறார்கள். உதவி போக அவர்கள் கையிலிருந்து போவது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். சில குடும்பங்களுக்கு வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடும், சிலருக்கு நீங்கள்தான் மலிவாக இருப்பீர்கள்.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த ஒரு அம்மா, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், பிள்ளை பார்த்துக்கொள்கிறார். லைசென்ஸ் இல்லை, கட்டணம் ஏறத்தாழப் பாதி. லைசென்ஸ் வெறும் காகிதம்தானே? அவரிடம் எங்கள் எட்டு மாதக் குழந்தையை விடலாமா?

பதில்: அவர் அருமையான மனிதராக இருக்கலாம். பாசத்தை லைசென்ஸ் அளப்பதில்லை. ஆனால் பெற்றோர் அல்லாத ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வந்து பார்க்கும் ஏற்பாடு லைசென்ஸோடுதான் வருகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான். லைசென்ஸ் இல்லாத இடத்தில் ஆய்வாளர் வேலையும் உங்களுடையதுதான். அதைச் செய்ய நேரமும் மனமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எட்டு மாதம் என்பதால் தூக்கத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். ஒரு வயதுவரை குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் அதில் கூடாது. சோபாவிலோ கார் சீட்டிலோ தூங்க விடக்கூடாது. அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரண விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பிள்ளை வளர்த்த அனுபவம் நிறைய உள்ளவர்கள்கூடத் தங்கள் காலத்தில் குப்புறப் படுக்க வைத்துப் பழகியிருக்கலாம். ஆகவே “எங்கே, எப்படித் தூங்க வைப்பீர்கள்?” என்று கேட்டு, அந்த இடத்தை நேரிலேயே பாருங்கள். “எனக்குத் தெரியாதா” என்று சலித்துக்கொண்டால் நான் குழந்தையை அங்கே விடமாட்டேன்.

வீட்டைப் பார்க்கக் காலையில் போகாதீர்கள். பள்ளி விட்ட பிறகு, கூட்டம் அதிகமான நேரத்தில் போய்த் தலைகளை எண்ணுங்கள், அவருடைய சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், மருந்துகள் எங்கே இருக்கின்றன, மூச்சடைத்தால் என்ன செய்வது என்று தெரியுமா, இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவே அல்ல. இன்சூரன்ஸ் பற்றியும் கேளுங்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் காசு வாங்கிச் செய்யும் தொழிலுக்குப் பொருந்தாது. பகலில் எந்த நேரத்திலும் சொல்லாமல் வரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ரசீது கேட்கவும் மறக்காதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு வரிச்சலுகை கேட்கும்போது பராமரிப்பாளரின் அடையாள எண்ணையும் காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரும் முறைப்படி ரசீது தரலாம். அவர் மறுத்தால் நீங்கள் இழக்கும் சலுகையையும் செலவில் சேர்த்துப் பாருங்கள், அந்தப் பாதிக் கட்டணம் பாதியாகவே இருக்குமா என்று தெரியும்.

லைசென்ஸ் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஆய்வறிக்கையைப் படியுங்கள், பல நாடுகளில் இணையத்திலேயே கிடைக்கிறது. சின்னக் குறைகள் யாருக்கும் வரும். ஒரே குறை அடுத்தடுத்த அறிக்கைகளிலும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் அம்மா பேரனைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பாட்டி, தாத்தா போன்ற நெருங்கிய உறவினருக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. ஆனால் பேரனோடு பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் காசுக்குச் சேர்த்துக்கொண்டால் விஷயம் மாறிவிடலாம். அதற்கு முன் உள்ளூர் லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.