சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே தட்டையான வயல்வெளி எப்படி வருகிறது?

சுற்றிலும் கரடுமுரடான சுண்ணாம்புப் பாறை மலைகள், நடுவில் மட்டும் தாம்பாளம் போலத் தட்டையான நிலம். இது எப்படி என்பதுதானே கேள்வி? இதன் பெயர் 'போல்யே'. ஸ்லாவிய மொழிகளில் வயல் என்று பொருள்.

பல போல்யேக்கள் நிலப்பிளவை ஒட்டித் தாழ்ந்த இடத்தில் தொடங்கியவை. சரி, தரை ஏன் தட்டை? வெள்ளம் கொண்டுவரும் களிமண் அடிப்பாறையை மூடிவிடுகிறது. கீழே கரைக்க வழியில்லாத தண்ணீர் ஓரங்களைக் கரைத்துப் பள்ளத்தை அகலமாக்குகிறது.

ஸ்லோவேனியாவின் செர்க்னிட்சா போல்யேவில் இந்த வெள்ளம் வந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கிருந்து தரைமேல் வெளியேறும் ஆறே கிடையாது. ஊற்றுகளில் பொங்கும் நீர் துளைகள் வழியே பாதாளத்துக்குள் இறங்கிவிடும். சில துளைகள் ஒரு பருவத்தில் தண்ணீரைக் குடிக்கும், இன்னொரு பருவத்தில் கக்கும்! பெருமழையில் வரத்து மிஞ்சினால் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஏரி விரியும். அப்புறம் கோடையில் வற்றியதும், படகு ஓடிய அதே இடத்தில் புல் அறுப்பார்கள்.

இந்த ஏரியின் மாயத்தை விளக்க முயன்ற 17ஆம் நூற்றாண்டு அறிஞர் வால்வசோர், 1687இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். நிலத்தடி நீரோட்டத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி கற்பனைதான். ஆனாலும் நேரில் பார்த்து எழுதிய மனிதர்.